கொழும்பு மாநகரில் விளக்கும் ஆளியும்: ஒரு வரலாற்று நோக்கு

மின்விளக்கை எரியச் செய்யவும் அணைக்கவும் சுவரிற் பொருத்தப்படும் சிறு கருவிக்கு இலங்கையின் தமிழ்மொழிமூல விஞ்ஞானப் பாடநூல்கள் வழங்கும் பெயர் ‘ஆளி’ என்பதாகும். வீட்டிலும் கடையிலும் அதனைச் ‘சுவிச்சு’ என்றே கூறுவர். சங்க இலக்கியம் பயின்றோர்க்கு ஆளி என்றவுடன் யானையையும் அடக்கவல்ல விலங்கே நினைவிற்கு வரும். ஆயினும் ‘ஆள்’ என்னும் வினையடியோடு பொருத்தி நோக்குமிடத்து, மின்னோட்டத்தை ஆள்கின்ற கருவிக்கு அது மிகப் பொருத்தமான பெயரேயாகும். ஏற்றுவதும் அணைப்பதும் ஆளுதலின் இரு செயல்கள். அவ்வாறாயின், ஒரு நகரத்தின் விளக்குகளை ஆள்வோர் யாவர் என்னும் வினா இயல்பாகவே எழுகின்றது. அவ்வினாவிற்கு விடை காலந்தோறும் மாறி வந்துள்ளது. கொழும்பு மாநகரின், சிறப்பாகத் தமிழ் மக்கள் செறிந்து வாழும் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய பகுதிகளின் வரலாற்றை இவ்வொரு வினாவைத் துணையாகக் கொண்டு நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரியும் வாயுவும்

கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொன்னம்பல முதலியார் நிறுவிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை அவர்தம் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கருங்கல்லாற் புதுக்கி அமைத்தார். இத்தகைய கோயிற் கருவறையில் எரியும் எண்ணெய் விளக்கில், ஒளியின் ஆட்சி மிக எளிய வடிவிற் காணப்படுகின்றது. எண்ணெய் வார்ப்பவரும், திரி தூண்டுபவரும், சுடர் மங்குவதை முதலிற் காண்பவரும் ஒருவரே. விளக்கிற்கும் அதனை ஆளும் கைக்கும் இடையில் ஒரு சாண் தூரமும் இல்லை. அக்காலத்து வீடுகளிலும் கடைகளிலும் நிலைமை இதுவே. இருள் சூழ்ந்ததும் கடையை மூடுவதா, ஒரு விளக்கை ஏற்றி வைத்திருப்பதா என்பதைக் கடைக்காரரே தீர்மானித்தார்.

1870களிற் கொழும்பு வீதிகளில் வாயு விளக்குகள் ஏற்றப்பட்டன. புறக்கோட்டையில் உள்ள ‘காஸ் வேர்க்ஸ்’ வீதியின் பெயர் அந்தக் காலத்தின் எச்சமாக இன்றும் நிலைத்துள்ளது. வாயு விளக்கின் வருகையோடு ஒரு பிரிவு நிகழ்ந்தது. எரிபொருள் ஓரிடத்தில் உண்டாக்கப்பட்டது. குழாய் வழியே வேறோரிடத்திற்குச் சென்றது. விளக்கோ மூன்றாவது இடத்தில் எரிந்தது. ஆயினும் வாயு விளக்கையும் ஒவ்வொன்றாகவே ஏற்றவேண்டியிருந்தது. வழங்கல் ஒரு மையத்திற்குச் சென்றுவிட்டபோதும் ஆட்சி இன்னும் விளக்கின் அருகிலேயே இருந்தது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று இணைந்து செல்வனவல்ல என்பது இங்குக் கருத்திற் கொள்ளத்தக்கது.

கொம்பனியின் ஒளி

இலங்கையில் மின்வழங்கலின் தொடக்கம் 1895ஆம் ஆண்டு எனக் கொள்ளப்படுகின்றது. அவ்வாண்டிற் பூஸ்ரெட் சகோதரர் என்னும் ஆங்கிலேய வணிக நிறுவனத்தினர், கோட்டைப் பகுதியின் பிரிஸ்டல் கட்டடத்திற் சிறியதொரு மின்பிறப்பாக்கியை நிறுவி அயலிலுள்ள கட்டடங்களுக்கு மின்னொளி வழங்கினர். 1899இல் மின்னால் இயங்கும் திராம் வண்டிகள் கொழும்பு வீதிகளில் ஓடத் தொடங்கின. ஒரு பாதை கோட்டையிலிருந்து கிராண்ட்பாசுக்கும், மற்றையது மருதானை வழியாகப் பொறளைக்கும் சென்றது. 1902இல் திராம் வண்டிச் சேவையும் ஒளியூட்டலும் ஒரே கொம்பனியின் கீழ் அமைந்தன. கொட்டாஞ்சேனையின் எல்லையைத் தொட்டுச் சென்ற கிராண்ட்பாஸ் பாதை, அப்பகுதி மக்களுக்கு மின்சாரத்தை நாளாந்தக் காட்சியாக்கிற்று. வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றியவர்களும் வீதியில் மின்வண்டியைக் கண்டனர்.

மின்னொளி பரவிய அளவில் ஆளியும் பரவியது. மின்சுற்றை மெதுவாகத் துண்டித்தால் உலோக முனைகளிடையே தீப்பொறி எழுந்து அவற்றைத் தேய்த்துவிடும். இக்குறையைப் போக்க, இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த ஜோன் ஹென்றி ஹோம்ஸ் 1884இல் விரைந்து துண்டிக்கும் ஆளியை அமைத்துக் காப்புரிமை பெற்றார். இன்று சுவர்களிற் காணப்படும் ஆளிகள் பலவற்றின் அடிப்படைத் தத்துவம் அதுவே. தீக்குச்சியும் எண்ணெயும் வேண்டாதவாறு, ஒரு விரலின் அசைவால் ஓர் அறை ஒளி பெற்றது. அந்த விரல் வீட்டுக்காரருடையது, மின்னோ கொம்பனியுடையது. வீட்டுக்காரர் ஆளியை அழுத்தியும் விளக்கு எரியாமற் போகக்கூடும் என்னும் நிலை முதன்முறையாக ஏற்பட்டது. தம் வீட்டு விளக்கு ஏன் எரியவில்லை என்பதை வீட்டுக்குள்ளேயே நின்று அறியமுடியாத காலம் இவ்வாறு தொடங்கிற்று.

மலையிலிருந்து வந்த மின்

1927இல் அரசாங்க மின்முயற்சித் திணைக்களம் தோன்றியதோடு கொழும்பின் மின்வழங்கல் அரசின் பொறுப்பாயிற்று. 1929இற் கொலன்னாவையில் ஸ்ரான்லி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. இதற்கு முன்னரே, 1918இல், பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இலங்கைப் பொறியியற் சங்கத்தில் வாசித்த கட்டுரையொன்றில் மலைநாட்டு ஆறுகளிலிருந்து பெருமளவில் மின்வலுப் பெறலாம் என விளக்கியிருந்தார். அவருடைய எண்ணம் செயலுருப் பெற மூன்று தசாப்தங்கள் சென்றன. 1950இல் இலக்சபான நீர்மின் திட்டத்தின் முதற்கட்டம் 25 மெகாவாற்று வலுவோடு இயங்கத் தொடங்கியது. மூன்றாண்டுகளின் பின்னர், 1953இல், விமலசுரேந்திர காலமானார். 1969இல் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது.

இவ்வரலாற்றின் உட்பொருள் எளியது. வெள்ளவத்தைக் கடையொன்றில் எரியும் மின்குமிழ், மலைநாட்டில் மழை பெய்ததா என்பதைப் பொறுத்து எரியும் நிலை உருவாயிற்று. ஆளும் கை மேலும் தொலைவிற்குச் சென்றது.

இரண்டாம் உலகப் போர்க்காலம் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. போர்க்கால நகரங்கள் பலவற்றிற் போலவே இங்கும் விளக்குகளை மறைப்பதும் அணைப்பதும் பாதுகாப்பு நடவடிக்கையின் ஒரு கூறாயின. இருட்டடிப்பிற்கான ஆணையைப் பிறப்பிப்பது அரசு. ஆயினும் அதனை நிறைவேற்றவேண்டியவை நகரின் ஒவ்வொரு வீட்டிலும் கடையிலும் உள்ள கைகளே. ஆணை ஒன்று, ஆளிகளோ ஆயிரக்கணக்கானவை. ஒரு சொல்லால் எல்லா விளக்குகளையும் ஆளும் வழி அன்று இருக்கவில்லை. பிற்காலத்து வலையமைப்பு முறைகள் நிரப்பவந்த இடைவெளி இதுவேயாகும்.

கடையும் கம்பியும்

காலி வீதியின் இருமருங்கும் வளர்ந்த வெள்ளவத்தைக் கடைகளிலும், ஜம்பட்டா வீதியை அண்டிய கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் மின்னிணைப்பு என்பது கைத்தொழிலாகவே பயிலப்பட்டது. இத்தொழிலின் முதல் விதி, ஆளி எப்போதும் உயிர்க்கம்பியையே துண்டிக்கவேண்டும் என்பதாகும். நொதுமற்கம்பியைத் துண்டித்தாலும் விளக்கு அணையும். ஆனால் விளக்குத் தாங்கியில் உயிரோட்டம் நிற்கும். குமிழை மாற்ற வருபவர் உயிரிழக்கக்கூடும். விளக்கு அணைந்திருப்பது ஆபத்தின்மைக்குச் சான்றாகாது என்பதை இத்தொழிலாளர் தம் ஆசான்மாரிடமிருந்து கேட்டே கற்றனர். மருதானையில் 1893இல் தொடங்கப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரி முறைசார்ந்த கல்விக்கு வழி வகுத்தபோதிலும், கடைத்தெருக்களிற் பணியாற்றியோரிற் பலர் ஒருவருக்குக் கீழ் ஒருவராய்க் கைப்பழக்கத்தாலேயே தொழில் பயின்றனர்.

வணிகக் கட்டடங்கள் மாடிகளாக உயர்ந்தபோது புதியதொரு தேவை தோன்றியது. படிக்கட்டு விளக்கைக் கீழே நின்று ஏற்றி, மேலே சென்று அணைக்கவேண்டும். இதற்கென அமைந்ததே ஈர்வழி ஆளி. இரண்டு ஆளிகளுக்கிடையே இரண்டு கம்பிகள் செல்கின்றன. எந்த ஆளியை அசைத்தாலும் விளக்கின் நிலை மாறுகின்றது. இஃது எளிய அமைப்பேயெனினும் வரலாற்று நோக்கிற் குறிப்பிடத்தக்கது. ஒரு விளக்கை இரண்டு கைகள் ஆண்டன. இரு கைகளின் செயலையும் கம்பிகளே இணைத்தன. ஆயின் விளக்குகளின் தொகை பெருகப் பெருக இம்முறையின் எல்லையும் புலப்பட்டது. யாரைச் சேர்ந்தது எந்த விளக்கு என்பதைக் கம்பி சென்ற பாதையே தீர்மானித்தமையால், ஓர் அலுவலக அறையை இரண்டாகத் தடுத்தாற் சுவரைக் கொத்திக் கம்பியை மீண்டும் இழுக்கவேண்டியிருந்தது.

1977இல் நிகழ்ந்த ஆட்சிமாற்றத்தின் பின்னர் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவாகக் கொழும்பில் உயர்ந்த வணிகக் கட்டடங்கள் எழுந்தன. கோட்டையில் இலங்கை வங்கித் தலைமையகமும் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களும் இவற்றுள் அடங்கும். இவ்வாறான குளிரூட்டப்பட்ட கட்டடங்களிற் பகலிலும் விளக்கு எரிவது வழக்கமாயிற்று. இதற்கு மாறான சிந்தனையும் இருந்தது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1970களின் பிற்பகுதியில் அமைத்த அரச ஈட்டு முதலீட்டு வங்கிக் கட்டடம், இயற்கை ஒளியும் காற்றும் உட்புகுமாறு திட்டமிடப்பட்டமைக்காகப் பலராலும் பாராட்டப்பட்டது. விளக்கை ஆள்வதிலும் சிறந்தது விளக்கின் தேவையைக் குறைப்பது என்பதே அதன் பாடம். அப்பாடத்தைப் பின்பற்றியோர் சிலரே.

இக்காலப் பகுதியின் வரலாற்றை எழுதுங்கால் 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தைக் கடந்து செல்ல இயலாது. அவ்வன்செயல்களின்போது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் மக்களின் கடைகளும் இல்லங்களும் எரியூட்டப்பட்டன. எரிந்த கட்டடத்திற் கம்பியின் காவலுறையும் எரிந்துவிடும். பழைய இணைப்பு எதுவும் பயன்படாது. மீண்டும் கடை திறந்தோர் முதற் கம்பியிலிருந்தே தொடங்கவேண்டியவராயினர். 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வழங்கலிலிருந்து துண்டிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் இருளில் இருந்தது. போத்தல் விளக்கின் ஒளியிற் படித்த மாணவர் பலர் இடம்பெயர்ந்து வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளிற் குடியேறினர். விளக்கை ஆளும் கை எங்கே இருக்கின்றது என்னும் வினா அவர்களுக்கு ஏட்டு வினாவாக இருந்திருக்க முடியாது.

இருள் கற்பித்தது

நீர்மின்னை நம்பியிருந்த நாடு வரட்சியின்போது தடுமாறியது. 1996இலும், மீண்டும் 2001, 2002ஆம் ஆண்டுகளிலும் மின்வெட்டு நடைமுறைப்படுத்தப்பட்டது. மின்வெட்டு என்பது ஆட்சியின் மிகப் பருமட்டான வடிவம். முழுப் பகுதியொன்றிற்கான வழங்கல் துண்டிக்கப்படும்போது, வீணே எரியும் விளம்பர விளக்கும் நோயாளியின் அறையில் எரியும் விளக்கும் ஒருங்கே அணைகின்றன. பகுத்தறியும் ஆற்றல் அந்தப் பெரிய ஆளிக்கு இல்லை.

இவ்வனுபவத்தின் விளைவாக, கட்டடத்துக்குள்ளேயே மின்னைச் சிக்கனமாக ஆளும் வழிகள் பற்றிய சிந்தனை வலுப்பெற்றது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை தோன்றியது. அது 2008இல் வெளியிட்ட சக்தித்திறன்மிகு கட்டடங்களுக்கான நடைமுறைக் கோவையில் ஒளியமைப்பு தனிப் பிரிவாக இடம்பெற்றது. எனினும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி பழைய பாடத்தையே மீண்டும் கற்பித்தது. நகரங்களும் கிராமங்களும் ‘ஏ’ முதல் ‘டபிள்யூ’ வரையான ஆங்கில எழுத்துக்களாற் குறிக்கப்பட்ட வலயங்களாக வகுக்கப்பட்டன. மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று தொடுகையுற்றதே காரணம் என மின்சக்தி அமைச்சர் தெரிவித்தார். பல இலட்சம் ஆளிகள் ஒரே கணத்திற் பயனற்றுப் போயின.

இரு கம்பிகளின் மொழி

கட்டடமொன்றின் விளக்குகளை வலையமைப்பாக இணைத்து ஆளும் முறை ஒரே நாளில் தோன்றியதன்று. 1959இல் அமெரிக்கரான ஜோயல் ஸ்பைரா திண்மநிலைக் கருவிகளைக் கொண்டு, சுவரிற் பொருத்தத்தக்க சிறிய மங்கலாக்கியை உருவாக்கினார். அதற்கு முன்னர் அரங்குகளில் ஒளியை மங்கச் செய்த தடைகள் பருத்தனவாயும் பெருமளவு மின்னை வெப்பமாக்கி வீணடிப்பனவாயும் இருந்தன. 1975இல் ஸ்கொத்லாந்தில் உருவான ‘எக்ஸ்-10’ முறை, வீட்டு மின்கம்பியின் வழியாகவே கட்டளைகளை அனுப்பியது. 1986இல் நாடக அரங்குகளுக்கென ‘டி.எம்.எக்ஸ். 512’ என்னும் நியமம் வந்தது. இவற்றின் பின்னர், 1990களின் பிற்பகுதியில், ஐரோப்பிய விளக்குத் துணைக்கருவி உற்பத்தியாளர்கள் சேர்ந்து ‘டாலி’ எனச் சுருக்கமாக வழங்கும் எண்முறை இடைமுகத்தை வகுத்தனர். 2009 முதல் அது சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் 62386ஆம் இலக்க நியமமாக வெளிவந்தது. உலகெங்கும் வணிகக் கட்டடங்களிற் பெரிதும் பயன்படும் முறைகளுள் இதுவும் ஒன்றாகும்.

இம்முறையின் உட்பொருளை ஒரு வாக்கியத்திற் கூறலாம்: மின்வலு செல்லும் பாதையும் கட்டளை செல்லும் பாதையும் பிரிக்கப்பட்டன. பழைய முறையிற் கம்பி வெட்டப்பட்டால் விளக்கு அணையும், கம்பியே கட்டளை. புதிய முறையில் 230 வோல்ற்று மின்வலு எல்லா விளக்குகளுக்கும் எப்போதும் சென்றுகொண்டிருக்கும். அதனோடு வேறாக இரண்டு மெல்லிய கம்பிகள் விளக்குக்கு விளக்குச் செல்லும். இவ்விரண்டிற்குமிடையே வழமையாக ஏறத்தாழ 16 வோல்ற்று நிற்கும். அதனைக் கணநேரம் வீழ்த்தியும் எழுப்பியும் செக்கனுக்கு 1200 இருமக்குறிகள் என்னும் வேகத்திற் செய்தி அனுப்பப்படுகின்றது. ஓர் இணைக் கம்பியில் 64 முகவரிகள் வரை வழங்கலாம். அவற்றை 16 குழுக்களாக வகுக்கலாம். 16 ஒளிநிலைகளை ஒவ்வொரு விளக்கும் தன் நினைவில் வைத்திருக்கும். கணினியின் வேகத்தோடு ஒப்பிடின் இது மந்தமானதே. ஆயினும் விளக்குகளுக்கு இவ்வேகம் போதுமானது. வேகம் குறைந்தமையாலேயே விசேட கம்பிகள் வேண்டாமல் சாதாரண மின்கம்பியாலும் இணைப்பு இயல்வதாயிற்று.

கம்பியிடும் முறையிலும் சில விதிகள் உள. கம்பியின் குறுக்குவெட்டு 1.5 சதுர மில்லிமீற்றராயின் 300 மீற்றர் வரை செல்லலாம்; 0.5 சதுர மில்லிமீற்றராயின் 100 மீற்றர் மட்டுமே. வழியில் இழக்கப்படும் அழுத்தம் 2 வோல்ற்றைக் கடக்கலாகாது. வழங்கி கொடுக்கத்தக்க ஓட்டம் 250 மில்லியம்பியர் என்னும் எல்லைக்குட்பட்டது. கிளை பிரிந்து செல்லலாம், நேர்கோடாகவும் செல்லலாம். வளையமாக மூடுதல் ஆகாது. உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி, புவிக்கம்பி ஆகியவற்றோடு கட்டளைக் கம்பிகள் இரண்டையும் ஒரே ஐங்கம்பி வடத்தில் இட இம்முறை இடந்தருகின்றது. இவ்வசதியோடு ஓர் ஆபத்தும் உண்டு. கட்டளைக் கம்பியின் அழுத்தம் சிறிது என்பதால் அதனைத் தொலைபேசிக் கம்பிபோற் கருதி வெறுங்கையால் தொடுவது தவறு. மின்வலுக் கம்பியோடு ஒன்றாகச் செல்லும் அதனை மின்வலுக் கம்பிக்குரிய எச்சரிக்கையோடேயே கையாளுதல் வேண்டும். உயிர்க்கம்பியைத் துண்டித்த பின்னரே குமிழைத் தொடுக என்று பழைய ஆசான்மார் கூறிய அறிவுரை இங்கும் செல்லும்.

முகவரி ஏடு

கம்பியிட்டு முடிந்தவுடன் விளக்குகள் பேசத் தொடங்குவதில்லை. தொடக்கத்தில் எந்த விளக்கிற்கும் முகவரி இல்லை. கட்டுப்படுத்தி கேட்டவுடன் ஒவ்வொரு விளக்கும் தற்செயலான எண்ணொன்றைத் தனக்குத் தானே தெரிந்துகொள்கின்றது. அவ்வெண்களைத் தேடிக் கண்டறிந்து, ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 63 வரையான முகவரியொன்று கொடுக்கப்படும். ஆயினும் 17ஆம் முகவரிக்குரிய விளக்கு கூரையின் எம்மூலையில் உள்ளது என்பதைக் கட்டுப்படுத்தி அறியாது. அதனை மனிதரே அறியவேண்டும். ஒருவர் ஒவ்வொரு விளக்கையும் மினுங்கச் செய்ய, மற்றொருவர் கீழே நின்று கட்டட வரைபடத்தில் எண்ணைக் குறிக்கின்றார். அந்த வரைபடமே அக்கட்டடத்தின் முகவரி ஏடு.

வணிகக் கட்டடங்களுக்கு இம்முறை தரும் பயன் மெய்யானது. குடியிருக்கும் நிறுவனம் மாறித் தடுப்புச்சுவர் இடம்பெயர்ந்தாற் கம்பியை இழுக்கவேண்டியதில்லை. குழுக்களை மாற்றினாற் போதும். யன்னலோரத்து விளக்கு பகலொளிக்கேற்பத் தானே மங்கும். ஆளில்லா அறையில் உணரி விளக்கை அணைக்கும். 1942இல் ஒரு நகரத்தில் இயலாதது, ஒரு கட்டடத்தில் ஒரு செய்தியால் இயல்கின்றது. வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இருந்த நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றி என்னும் அடுக்குமாடித் தொகுதி நிற்கின்றது. ஆலை இருந்த நிலத்திற் கோபுரம் எழுந்த காலம், விரலசைவின் இடத்திற் செய்தி வந்த காலமுமாகும்.

ஆனால் அதன் விலையும் கருதற்பாலது. பழைய கடையின் இணைப்பைத் தேர்ந்த தொழிலாளி ஒருவர் கம்பியைத் தொடர்ந்து சென்றே அறிந்துவிடலாம்; அங்கே கம்பியே வரலாறு. புதிய கட்டடத்திற் கம்பியைப் பார்த்து எதுவும் அறிய இயலாது. எல்லா விளக்கிற்கும் ஒரே இரு கம்பிகள். எந்த ஆளி எந்த விளக்கை ஆள்கின்றது என்பது கண்ணுக்குப் புலப்படாத நினைவகங்களிலும் அந்த வரைபடத்திலும் மட்டுமே உள்ளது. பழுதான இயக்கியொன்றை மாற்றினாற் புதியதற்கு மீண்டும் முகவரி கொடுக்கவேண்டும். வரைபடம் காணாமற் போயின், நிறுவியவர் ஊரை விட்டுச் சென்றிருப்பின், கட்டட உரிமையாளரும் தம் விளக்கை ஆளமாட்டாதவராவர். ஆட்சி தொலைவிற்குச் சென்றது மட்டுமன்று. அது மறைந்தும் போயிற்று.

இவ்விடத்திற் கேள்வி தொழினுட்பத்திலிருந்து கல்விக்கும் மொழிக்கும் நகர்கின்றது. கூரைக்குள் ஏறிக் கம்பியிடுவோர் தமிழோ சிங்களமோ பேசுவோர். கருவிகளின் கையேடும் மென்பொருளும் ஆங்கிலத்தில் உள்ளன. கம்பியிடுவது ஒருவர், முகவரி கொடுப்பது இன்னொருவர் என்னும் பிரிவு இதனால் உறுதிப்படுகின்றது. முன்னவர் கூலி பெறுவர், பின்னவர் ஆள்வர். இத்தகைய பிரிவு தவிர்க்க முடியாததன்று என்பதற்கு ஈழத்திலேயே சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசகரும மொழித் திணைக்களம் விஞ்ஞானக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. உயிர்க்கம்பி, நொதுமல், உருகி, காவலி, ஆளி முதலிய சொற்கள் இன்று எந்தத் தயக்கமுமின்றிப் பாடசாலைகளில் வழங்குகின்றன. ஒளிகாலும் இருவாயி வரை வந்த சொல்லாக்கம், முகவரியிடும் வலையமைப்பின் வாயிலில் நின்றுவிடவேண்டியதில்லை. ஒரு தொழிலின் சொற்கள் ஒரு மொழியில் இல்லையெனின், அத்தொழிலின் தீர்மானங்கள் அம்மொழி பேசுவோரிடம் இருப்பதில்லை.

முடிவாக நோக்குமிடத்து, கொழும்பின் விளக்கை ஆண்ட கை சுடரின் அருகிலிருந்து கொம்பனிக்கும், கொம்பனியிலிருந்து அரசுக்கும், அங்கிருந்து மலைநாட்டு நீர்த்தேக்கங்களுக்கும் சென்று, இன்று கட்டடத்தின் கூரைக்குள் இரு மெல்லிய கம்பிகளில் ஒளிந்துகொண்டுள்ளது. ஆயினும் டாலி நியமத்தை வகுத்தோர் ஒரு விதியைச் சேர்த்துவைத்தனர். கட்டளைக் கம்பி அறுந்து போனால், மாற்றுக் கட்டளை முன்னரே கொடுக்கப்படாதவிடத்து, ஒவ்வொரு விளக்கும் தன் முழு ஒளியோடு எரியவேண்டும். ஆள்வோர் இல்லாதவிடத்து மக்கள் இருளில் நிற்கலாகாது என்பதே இவ்விதியின் கருத்து. பொறியியலாளர் ஒரு சிறு கருவிக்கு வகுத்த இவ்விதி, நகரத்தின் மின்வழங்கலை வகுப்போரும் அதன் அறிவை மக்களுக்கு வழங்கவேண்டியோரும் தத்தம் துறையில் எண்ணிப் பார்க்கத்தக்கதாகும்.